பாதியில் நின்ற பயிற்சி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சீனன்குடாவிலே வாழும் நமக்கு எண்ணெய்க் குதங்கள் புதியன அல்ல. ஆங்கிலேயர் அமைத்த அத்தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானியரின் தாக்குதலில் அழிந்தது. எஞ்சிய 99 தாங்கிகள் குறித்து 2022 சனவரியில் உடன்படிக்கை ஆயிற்று. அவற்றுள் 61, இலங்கையும் இந்தியாவும் கூட்டாகச் சீர்செய்வதற்கென ஒதுக்கப்பட்டன.

துருப்பிடித்த தகட்டை வெட்டவும், ஒட்டவும், குழாய் பொருத்தவும் தேர்ந்த கைகள் வேண்டும். அக்கைகள் நம் ஊர்க் கைகளாக இருக்குமா? இதுவே நம் கேள்வி.

தொழிலைச் செய்துகொண்டே கற்பதற்கு 1971ஆம் ஆண்டிலேயே பயிலுனர் சட்டம் வந்துவிட்டது. பையன்கள் சேரவும் செய்கின்றார்கள். ஆனால் பாதியில் நின்றுவிடுகின்றார்கள். நாம் அறிந்த ஒருவன் எட்டாம் மாதத்தில் விட்டான். காரணம் கேட்டோம். “பஸ் காசுக்கே வழியில்லை, அண்ணை. சாந்து குழைக்கப் போனால் பின்னேரமே கையில் காசு” என்றான். அவனைச் சோம்பேறி என்பது அநியாயம். ஆயினும் பாதியில் விட்டவன் பத்தாண்டு சென்றாலும் கையாளாகவே நிற்கின்றான்.

நட்டம் அவனுக்கு மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் வேலைதேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். தேர்ந்த தொழிலாளி ஒருவர் போனால், அவரிடம் கற்கவேண்டியவர்களும் ஆசானை இழக்கின்றார்கள். அவர் இடத்தை நிரப்ப ஆண்டுகள் வேண்டும். கற்பவனும் இடையில் விட்டால் அவ்விடம் நிரம்புவதே இல்லை.

பெரியோர்களே, ஒன்று கேட்கின்றோம், கோபியாதீர்கள். ஆயுத பூசையன்று உளிக்கும் சுத்தியலுக்கும் சந்தனமிட்டு வணங்குகின்றோம். மறுநாள், அவற்றைப் பிடிக்கும் கைக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்றோம். பிள்ளை பட்டறையை வெறுப்பதில் வியப்பென்ன?

நம் சங்கத்தால் ஆகக்கூடியவை மூன்று. பயிலுனர்க்குப் பயிற்சி முடியும்வரை பஸ் கட்டணம் கொடுப்போம். ஒவ்வொரு பையனுக்கும் ஊரிலுள்ள மூத்த தொழிலாளி ஒருவரைத் துணையாக்கி, மாதமொருமுறை விசாரிக்கச் செய்வோம். முன்னர் விட்டவர்களையும் தேடிப் போவோம். அனுபவத்தாற் பெற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு.

தொடங்கியவனை முடிக்கச் செய்வோம். அடுத்த ஆயுத பூசைக்குமுன் ஒரு பையனையாவது பட்டறைக்குத் திரும்ப அழைத்து வந்தால், இவ்விழா பயனுடையதாகும்.