பழைய வண்டியின் பழுது

யாழ்ப்பாணத்திலே பெரியாஸ்பத்திரியின் அயலிலும் பஸ் நிலையத்தின் ஓரத்திலும் அண்மைக்காலம் வரை நிரையாக நின்ற வாடகைக் கார்களை நேயர்களிற் பலர் அறிவர். ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் என்பன அவற்றின் பெயர்கள். 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் உருவானவை அவை. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. அதன்பின் புதிய வண்டி வாங்குதல் அரிதாயிற்று. இருந்ததைத் திருத்தி ஓட்டுதல் வழக்கமாயிற்று. தந்தை ஓட்டிய காரை மகன் ஓட்டினான்; சில வீடுகளிற் பேரனும் ஓட்டினான்.

பழைய வண்டி வைத்திருப்போர் ஓயாது சொல்லும் குறை ஒன்றுண்டு. “திருத்தத் திருத்தப் பழுதாகிறது, கராஜுக்குக் கொடுத்த காசுக்கு வேறொரு வண்டியே வாங்கியிருக்கலாம்” என்பர். இக்குறையிலே பாதி வண்டியின் வயதினால் வருவது. மற்றப் பாதி, பழுதின் காரணத்தைக் காணுமுன் பாகத்தை மாற்றிவிடும் வழக்கத்தினால் வருவது. முன்னதற்கு மருந்தில்லை, பின்னதற்கு உண்டு.

பழைய எஞ்சின் எத்துணை இடரைத் தாங்கவல்லது என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் செல்லுதல் தடைப்பட்டது. அக்காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு மருந்துப் போத்தலிற் காப்பாற்றி வைத்த சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்புவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதனை ஏற்றுக்கொள்ளும். பின்னால் வெண்புகை எழும். தெருவில் நிற்பவர் கண்ணைக் கசக்குவர். ஆயினும் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அந்தக் கார்தான்.

இது மந்திரமன்று. ஒஸ்ரின் ஏ 40 காரின் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. இன்றைய பெற்றோல் கார்களிலோ அது பத்தையும் தாண்டும். இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின் 1953 வரையும் பிரித்தானியாவில் “பூல் பெற்றோல்” என்னும் தரங்குறைந்த எரிபொருளே விற்கப்பட்டமையால், எதையும் சீரணிக்கத்தக்க எஞ்சினையே அக்காலப் பொறியியலாளர் அமைத்தனர். ஒரு போரின் வறுமைக்கென அமைந்த எஞ்சின் நாற்பது ஆண்டுகளின் பின் வேறொரு போரின் வறுமையிலே கைகொடுத்தது. கோவென்றி நகரிற் செய்யப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் ஒருவகை, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது.

அதற்குரிய விலையையும் எஞ்சின் கொடுத்தது. ஆவியாகாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஓயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு அடித்தட்டில் இறங்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஓயில் குறைந்திராது, கூடியிருக்கும். விவரம் அறியாதவர் மகிழ்வர். அறிந்தவரோ அதனை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து உடனே மாற்றுவர். மாற்றாதவரின் எஞ்சினிலே பெயரிங்குகள் தேய்ந்து அடிவயிற்றில் இடிக்கும் ஓசை எழுந்தது. ஓயிலும் கிடைத்தற்கரிதாய் இருந்த காலத்தில் அவரை மட்டும் குறைகூறுவதும் தகாது.

இனி, அன்றாடப் பழுதுகளுக்கு வருவோம். மதிய வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றும் நடவாததுபோல மீண்டும் கிளம்புகிறது. கண்டி வீதியால் தெற்கே போகும் வண்டிகள் முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில் நிற்பது வழக்கம். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அந்த இடைவேளை பிள்ளையாருக்கு மட்டும் உரியதன்று. எஞ்சினுக்கும் அது உதவியிருக்கிறது.

இந்த நோய்க்கு இரண்டு காரணங்கள் இருத்தல் கூடும். ஒன்று, வெப்பத்தினால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்தல். மற்றொன்று, சூடேறியதும் கொயிலோ கொண்டென்சரோ செயலிழந்து பொறி அற்றுப்போதல். வெளியே தோன்றும் குறி இரண்டுக்கும் ஒன்றே. ஆகையால், கார் குளிர்ந்தபின் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதாற் பயனில்லை. நின்ற இடத்திலே, நின்ற கணத்திலே பார்த்தல் வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சினின் உலோகத்திலே கிடத்தி, எஞ்சினைச் சுழற்றினால் நீலப்பொறி பாய்கிறதா என்பது தெரியும். பெற்றோல் கசியும் இடத்தில் மட்டும் இதனைச் செய்தலாகாது. பொறி உண்டெனின் குற்றம் பெற்றோல் வழியிலே. குழாய்மேல் நனைத்த துணியைச் சுற்றினால் அது உறுதிப்படும். பொறி இல்லையெனின் கார்பரேற்றரைத் தொடவேண்டியதில்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல், ஒரு மாதம் கார்பரேற்றர், மறுமாதம் பம்பி, அடுத்த மாதம் தாங்கி என்று மாற்றிக்கொண்டே போய், இறுதியிற் கொண்டென்சர் என்னும் விரலளவுப் பொருளில் வந்து முடியும் கதைகள் எத்தனையோ.

மொரிஸ் மைனரின் மின்பம்பியைப் பற்றியும் ஒரு சொல். அது “டிக், டிக்” என்று ஒலித்துக்கொண்டே பெற்றோலை இழுக்கும். அதன் தொடுமுனைகள் கருகினால் ஒலி நின்றுவிடும். சாரதி இறங்கி வந்து ஸ்பானரால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார், பம்பி உயிர்பெறும். இந்த வைத்தியம் வழியிலே கைகொடுக்குமேயன்றி வீட்டுக்கு வந்தபின்னும் தொடரத் தக்கதன்று. தொடுமுனையைத் துப்புரவாக்குதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. தட்டித் தட்டியே ஆண்டுக்கணக்காக ஓட்டுபவர்களும் உளர். அவர்களின் கார் நிற்பது பெரும்பாலும் கல்யாண வீட்டுக்குப் போகும் வழியிலேதான்.

மின்சாரக் குறைகளில் மிகுந்த காசை விழுங்குவது புவித்தொடர்புக் குறையே. எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின்மேல் இருப்பதால், அதனையும் வண்டியின் உடலையும் ஒரு பின்னற் கம்பிப்பட்டை இணைக்கிறது. அதன் ஆணியிலே துரு ஏறினால் ஸ்ராட்டர் சோம்பிச் சுழலும். உடைமையாளர் புதிய பற்றரி வாங்குவார். பின்னும் சோம்பினால் டைனமோவைக் கழற்றுவிப்பார். கிளப்பும்போது சோக் கம்பி கையைச் சுடுமாயின், பட்டைவழி போகமுடியாத மின்னோட்டம் அக்கம்பி வழியே போகிறது என்பது பொருள். ஆணியைக் கழற்றி, உப்புத்தாளால் உரஞ்சி, மீண்டும் இறுக்குவதே அதற்குப் பரிகாரம். கடற்காற்று வீசும் பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கங்களில் இதனை ஆண்டுதோறும் செய்தல் நன்று.

பிறேக் மட்டும் பொறுமைக்கு இடந்தராத பகுதி. இக்கார்களிற் பலவற்றின் திரவப் பிறேக் நான்கு சில்லுக்கும் ஒரே வழியாலானது. ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் போம். மொரிஸ் மைனரில் அதன் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமையாற் பிறேக் எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பாரில்லை. கழற்றுதல் கடினமாகையால் மெக்கானிக்கும் “இப்போதைக்குப் போகும்” என்று ஒத்திவைப்பார். இன்னும் சிலர் பிறேக் எண்ணெய் கிடையாதபோது எஞ்சின் ஓயிலை ஊற்றுவர். அதனால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துப் பிறேக் இறுகிவிடும், அல்லது அற்றுவிடும். இது சிக்கனமன்று, உயிரோடு விளையாடுதல்.

1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றுள் ரொயோட்டா ரவுண்ஏஸ், லைற்ஏஸ் என்னும் டீசல் வான்கள் பாடசாலைப் பிள்ளைகளையும் சந்தைச் சாமான்களையும் கோயில் யாத்திரிகர்களையும் சுமந்தன. இவற்றில் எஞ்சின் முன்னாசனத்தின் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. வெப்பம் வெளியேற வழி குறைவு. பார்க்க வேண்டுமானால் ஆசனத்தைத் தூக்கவேண்டும். அவற்றிற் பலவற்றில் உள்ள 2சி டீசல் எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அதன் சிலிண்டர்த் தலை வெடிப்பது பேர்போனது.

யாழ்ப்பாணத்திலே இந்நோய்க்கு மண்ணும் துணைசெய்கிறது. சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிவரும் கிணற்றுநீர் வன்மையானது. கேத்தலின் உள்ளே படியும் வெண்கட்டியே றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. வாளியால் அள்ளிய கிணற்றுநீரை நாள்தோறும் ஊற்றுபவர் நாள்தோறும் சிறிது சுண்ணாம்பையும் ஊற்றுகிறார். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றினால் இந்த அடைப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். குளிர்விப்பு நீர்மத்தைக் கலந்தால் இன்னும் நன்று. வான் சூடேறுகிறது என்றவுடன் தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிடுவது நம் கராஜ்களின் பொதுவழக்கம். அடைபட்ட றேடியேற்றர் அதனாலே திறக்காது. றேடியேற்றர் நீரிற் குமிழி ஓயாது எழுகிறதா, ஓயில் பாற்றேநீரின் நிறம் கொண்டுள்ளதா என்று பார்த்தால், கஸ்கற் போய்விட்டதா என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில், விற்றுவிட எண்ணியிருந்த பழைய வான்களைப் பலர் விற்காது வைத்துக்கொண்டனர். தரங்குறைந்த போலிப் பாகங்களும் நல்ல பெட்டிகளில் வந்தன. புதிதாக மாற்றிய பாகம் பழுதாயிராது என்று எண்ணி அதனை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றைத் தேடி அலைந்தவர் பலர். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதும், ஒரு கொப்பியில் திகதி, ஓடிய மைல், கண்ட குறி, செய்த வேலை ஆகியவற்றை எழுதுவதும் இத்தகைய வேளையில் உதவும். மெக்கானிக்குகள் மூளையற்றவர்கள் அல்லர். “சூடானால் நிற்கிறது” என்று மட்டும் சொல்லப்பட்டால் அவர்களும் ஊகிக்கவே வேண்டியவராவர்.

திருத்தத் தகாத வண்டியும் உண்டு. ஒஸ்ரின் ஏ 40 காரின் முந்திய வகைகளுக்குத் தனிச் சட்டகம் இருந்தது. மொரிஸ் மைனருக்கோ உடலே சட்டகம். அதன் அடித்தகடு துருவினால் உக்கிப்போனால், ஜாக்கை வைத்து உயர்த்தும்போது கார் எழாது. ஜாக்கே தகட்டினூடே மேலே ஏறிவரும். அந்நிலையில் எஞ்சினுக்குப் பணம் செலவிடச் சொல்லும் கராஜை விட்டு விலகுதலே நலம். முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு கிரீஸ் காணாது தேய்ந்திருப்பின் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். அத்தகைய காரை வீதியில் விடாது, எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கழற்றி, அதே வகைக் கார் வைத்திருக்கும் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். கேட்டு வருவோர் இன்றும் உளர்.