கவுன்டரை விட்டு நகரும் முன்

(புதிய நிர்வாகக் குழுவினரின் முதல் கூட்டத்தில் பேசியது)

"கூட்டத்தை எப்படி நடத்தணும்னு பத்து நிமிஷம் பேசுங்க சார், நீங்க பேங்க்ல இருந்தவர்" என்று செயலாளர் தம்பி கேட்டுக்கொண்டார். நான் கிளார்க்காகவே இருந்து ரிட்டையர் ஆனவன். கூட்டம் நடத்தியதைவிடக் கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்ததுதான் அதிகம். ஆனால் இங்கே இரண்டு வருஷம் பொருளாளராக இருந்தபோது ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் ஒத்துக்கொண்டேன்.

அந்த வருஷப் பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வரவு செலவை வரி வரியாக வாசித்தேன். டேங்கர் தண்ணீர், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சம்பளம், ஃபினாயில் வரைக்கும். நாற்பது நிமிஷம். பேங்க்கில் ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றாலும் வீட்டுக்குப் போக முடியாது, அந்தப் பழக்கம். எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

நாலாவது வரிசையில் சி பிளாக் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஷிப்மெண்ட் என்று முந்தின ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வீடு வந்திருக்கிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. 'இதர விஷயங்கள்' கடைசியில் வரும் என்று காத்திருந்து பார்த்தார். பன்னிரண்டேகாலுக்கு எழுந்து போய்விட்டார். வீட்டில் உலை வைக்க வேண்டாமா? 'இதர விஷயங்கள்' வந்தபோது பாதி நாற்காலி காலி. 'வேறு விஷயம் எதுவும் இல்லை' என்று மினிட்ஸில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

அந்தச் சீட்டில் இருந்தது, சி பிளாக் லிஃப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது என்ற விஷயம். மூன்று வாரம் கழித்து அவருடைய மாமியார் அந்த ஒரு சாணில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதே வாரம் லிஃப்டைச் சரி செய்துவிட்டோம். அதற்கான பணம் பழுது நிதியில் இருந்தது. நான் வாசித்த நாற்பது நிமிஷத்தில் அந்த நிதியும் ஒரு வரி.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "எங்க கம்பெனியில பிபி மீட்டிங் இருபது நிமிஷந்தானுங்க சார்" என்றார். அதை எனக்கு விளக்கியும் சொன்னார். துணியைக் கட்டிங் டேபிளில் விரிக்கும் முன் மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், தையல் லைன் சூப்பர்வைசர், குவாலிட்டி ஆள் எல்லோரும் ஒரு சாம்பிள் பீஸைச் சுற்றி நிற்பார்கள். அளவுச் சீட்டு முன்கூட்டியே எல்லோர் கையிலும் இருக்கும். யாரும் அதை வாசித்துக் காட்ட மாட்டார்கள். கழுத்துப் பட்டி சுருங்குமா, சாயம் ஒத்து வருமா, லேபிள் எங்கே வரும், இவ்வளவுதான் பேச்சு. கத்தரி வைத்த பிறகு பேசிப் பயனில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நம் பிரச்சினையே அதுதான். கூட்டத்துக்கு வந்தபிறகு காகிதத்தைப் பிரிக்கிறோம். வரவு செலவு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும். சந்தேகம் உள்ளவர்கள் பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். கூட்டத்தில் கணக்குக்குப் பத்து நிமிஷம் போதும். உயிருக்கு ஆபத்தான விஷயம் முதலில், பெயின்ட் கலர் கடைசியில். நாம் இத்தனை வருஷமாகத் தலைகீழாகச் செய்கிறோம். பெயின்ட் கலருக்கு எல்லோரிடமும் கருத்து இருக்கிறது, லிஃப்ட் மோட்டாருக்கு இல்லை, அதனால்தான்.

கணக்கைச் சுருக்கச் சொல்கிறேன் என்பதால் அது சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. மின்சார வாரியம் என்கிறோமே, அதே வாரியம்தான். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பெயரையும் கூடாது! நம் துணைவிதியில் இது இல்லாமல் போனது யாருடைய அதிர்ஷ்டமோ.

இன்னொன்றும் அதிலே உண்டு. ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுத்த ஓலையை, நடுவராக இருப்பவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோருக்கும் கேட்கப் படிக்க வேண்டும். பிறகு அங்குள்ள மற்றவர்களும் அதைப் படிக்க வேண்டும். பேங்க்கில் "கவுன்டரை விட்டு நகரும் முன் பணத்தை எண்ணிக்கொள்ளவும்" என்று எழுதி வைத்திருப்போமே, அந்த மாதிரி. நம் மினிட்ஸ் பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் வருகிறது. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஞாபகம். ஒரு விஷயம் முடிந்ததும் செயலாளர் அங்கேயே வாசிக்கட்டும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதாதீர்கள். ஆள் பெயர் இல்லாத தீர்மானம் கையெழுத்தில்லாத செக்.

பி.காம் படிக்கும்போது கம்பெனிச் சட்டத்தில் கோரம் என்று ஒன்று படித்தோம். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். நம் சில கூட்டங்களுக்கு அதுவும் பொருந்தும். 2013 சட்டப்படி, கம்பெனிப் பொதுக்குழுவில் அரை மணி நேரத்துக்குள் போதிய ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குத் தள்ளிப் போகும். நம்முடையது கம்பெனி இல்லை, சங்கம். நம் துணைவிதிதான் நமக்கு. ஆனால் 'இன்னும் நாலு பேர் வரட்டும்' என்று முக்கால் மணி நேரம் காக்க வைப்பது, நேரத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற தண்டனை.

தலைவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். வழக்கமாகப் பேசும் மூன்று பேர் யார் என்று உங்களுக்கே தெரியும், நானும் அதில் ஒருவன். என்னை நிறுத்திவிட்டு, பின்வரிசையில் கையில் சீட்டோடு இருப்பவரைக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லாமல் இருக்கலாம், லிஃப்ட் அவர்களுக்கும் அதே லிஃப்ட்தான்.

வரும் பொதுக்குழுவில் முதல் விஷயம் பி பிளாக் தரைத்தொட்டிக் கசிவு. மூன்று கொட்டேஷனும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது, இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நேரத்தை ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாற்றியிருக்கிறோம். சி பிளாக் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தோம். ஷிப்மெண்ட் இல்லாவிட்டால் வருகிறேன் என்றிருக்கிறார்.