கோபம் எப்படி ஆறும்? தீர்த்தமலையில் ஒரு காலை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது. சாலை விபத்து மரணம், பாலியல் வன்முறை பற்றிய குறிப்புகள் இதில் உண்டு.)

இன்னைக்கு எபிசோட்ல கெஸ்ட் யாரும் கிடையாது. நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நெனச்சு, மைக்கை ஆன் பண்ணி, திரும்ப ஆஃப் பண்ணின விஷயம் இது. இன்னைக்கு ஆஃப் பண்ணாம பேசி முடிச்சிடறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அப்பா ஒரு சாலை விபத்துல இறந்துட்டாரு. சாயங்காலம் பால் வாங்கப் போனவரு. ராங் சைடுல வேகமா வந்த கார். ஓட்டினது ஒரு காலேஜ் பையன். அன்னைக்கே ஜாமீன்ல வீட்டுக்குப் போயிட்டான். எங்க அப்பா மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு, ஐஸ் பெட்டில.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் பையனோட இன்ஸ்டாகிராமைக் கண்டுபிடிச்சேன். தினமும் ராத்திரி பார்ப்பேன். அவன் எங்க சாப்பிடறான், யார் கூட சிரிக்கிறான், எந்த ட்ரிப் போறான். பார்த்துட்டு, அவனுக்கு என்னென்ன நடக்கணும்னு மனசுக்குள்ள ஒரு படமே ஓட்டுவேன். அதை இங்க சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் படம் இன்னும் மோசமாச்சு. தூக்கம் போச்சு. அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். மெடிடேஷன் ஆப் போட்டுப் பார்த்தேன். மூச்சை உள்ள இழுங்கன்னு அந்தக் குரல் சொல்லும்போது, அந்தக் குரல் மேலயே கோபம் வந்துச்சு.

அப்பாவோட பூர்வீகம் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். சின்ன வயசுல எங்களை தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போவாரு. ரெண்டாவது வருஷத் திதி முடிஞ்சதும் அம்மா, "ஒரு தடவை தீர்த்தமலை போயிட்டு வரலாம். அப்பாவுக்காக"ன்னு கேட்டாங்க. எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா அம்மா கேக்குறது அபூர்வம். கிளம்பிட்டோம்.

சென்னையில ரயில் ஏறி மொரப்பூர்ல இறங்கி, பஸ்ல அரூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள படி ஏற ஆரம்பிச்சோம். தீர்த்தகிரீஸ்வரர் கோயில் மலை மேல இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி, பத்து படிக்கு ஒரு தடவை உட்காருவாங்க. நானும் உட்காரணும். போனை எடுத்தா சிக்னல் சரியா இல்ல. வேற வழியில்லாம மரத்தைப் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன், எங்க பையையே குறி வெச்சிருந்த குரங்கைப் பார்த்தேன்.

மேல ராமர் தீர்த்தம்னு ஒண்ணு. உயரமான பாறையில இருந்து தண்ணி விழும். அருவின்னு சொல்ற அளவுக்கு எல்லாம் இல்ல. காத்து அடிச்சா அந்தத் தண்ணி இடம் மாறி விழும். நம்மதான் அது கீழ போய் நிக்கணும். நின்னேன். ஜில்லுன்னு தலையில பட்டதும், ரெண்டு வருஷத்துல முதல் தடவையா என் தலைக்குள்ள எதுவும் ஓடல. ஒரு அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் அழுதேன். தண்ணிக்குள்ள நின்னு அழுதா யாருக்கும் தெரியாது. அந்த வசதி அங்க இருக்கு.

அந்தத் தீர்த்தத்துக்கு ஒரு கதை உண்டு. ராவணனோட போர் முடிஞ்சு திரும்பும்போது ராமர் இங்க சிவபூஜை பண்ண நெனச்சாராம். அனுமன் தண்ணி கொண்டு வரத் தாமதமாச்சு. ராமர் அம்பு விட்டாரு, பாறையில இருந்து தண்ணி வந்துச்சு. இது தலபுராணம். நீங்க நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு அன்னைக்குத் தோணினது இதுதான்: ஜெயிச்சவருக்கே போர் முடிஞ்சதும் முதல்ல தேவைப்பட்டது தண்ணி. அதுவரைக்கும் ஆளைக் கொல்ல விட்ட அம்பை, தண்ணிக்காக விட வேண்டியிருந்திருக்கு.

இங்கேயே நிறுத்தினா இது ஒரு அழகான ரீல்ஸ் ஆகியிருக்கும். "மலைக்குப் போங்க, மனசு சரியாயிடும்." ஆனா அப்படி நடக்கல. கீழ இறங்கி சிக்னல் வந்ததும் நான் முதல்ல பண்ணது, அந்தப் பையனோட ப்ரொஃபைலைத் திறந்ததுதான்.

படிக்கட்டு அடிவாரத்துல ஒரு டீக்கடை. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தாங்க. அம்மா எல்லாத்தையும் கொட்டிட்டாங்க, கேஸ் நடக்குறது வரைக்கும். அந்தப் பாட்டி என்னைப் பார்த்து, "கோர்ட்டுக்குப் போறியா கண்ணு?"ன்னாங்க. போகல, அவனைப் பார்த்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலன்னேன். "வாச்சாத்திப் பொம்பளைங்க முப்பது வருஷம் போனாங்களே"ன்னாங்க. அவ்வளவுதான். வேற எதுவும் சொல்லல, வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.

வாச்சாத்தின்னு பேர் கேள்விப்பட்டிருந்தேன். விவரம் தெரியாது. அன்னைக்கு ராத்திரி அரூர்ல ரூம் போட்டு, அந்தப் பையனோட பக்கத்துக்குப் பதிலா அதைப் பத்திப் படிச்சேன். உங்கள்ல நிறைய பேருக்கும் தெரியாம இருக்கலாம். சுருக்கமா சொல்றேன்.

வாச்சாத்தி அரூர் பக்கத்துல, சித்தேரி மலை அடிவாரத்துல இருக்கிற கிராமம். அங்க வாழ்றவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளா மலையாளி கிடையாது, இந்த மலைகள்லயே வாழ்ற சமூகம். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் கடத்துறாங்கன்னு சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள்ள புகுந்தாங்க. ஊர் ஆலமரத்தடியில மக்களைக் கூட்டி அடிச்சாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. வீடுகளை நொறுக்கினாங்க. நூத்துக்கும் மேற்பட்டவங்களை, குழந்தைகளோட சேர்த்து, சிறைக்கு அனுப்பினாங்க. ஊர்க் கிணத்துல எண்ணெயையும் செத்த ஆடுமாடுகளையும் போட்டுத் தண்ணியைக் கெடுத்துட்டாங்கன்னு அந்த மக்கள் சொல்லியிருக்காங்க. காலையில நான் நின்ன தண்ணி ஞாபகம் வந்துச்சு. அதே தாலுகா.

யோசிச்சுப் பாருங்க. அடிச்சது அரசாங்கம். புகார் கொடுக்கணும்னாலும் அதே அரசாங்கத்துகிட்டதான் போகணும். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியில கொண்டு வந்தாங்க. உச்ச நீதிமன்றம், பிறகு சென்னை உயர் நீதிமன்றம்னு போய், 1995-ல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு கிடைச்சுது. தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள இறந்துட்டாங்க. மிச்சம் 215 பேருமே குற்றவாளிகள். அவங்க மேல்முறையீடு போனாங்க. உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் நேர்லயே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29, சரியா 12 வருஷம் கழிச்சு அதே தேதியில, தண்டனையை உறுதி செஞ்சார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அதைக் கேக்க அவங்கள்ல சிலர் உயிரோட இல்ல.

31 வருஷம். அந்தக் கோபத்துக்கு முன்னாடி என் கோபம் எவ்வளவுன்னு அளக்க வரல. வலியை அப்படி அளக்கக் கூடாது. ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுது. அகிம்சைன்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு சும்மா இருக்கிறதுன்னு நெனச்சிருந்தேன். வாச்சாத்திப் பெண்கள் சும்மா இருக்கல. திரும்பத் திரும்பப் போய், சொல்லவே கூச்சப்படுற விஷயத்தை முன்பின் தெரியாதவங்க முன்னாடி சொன்னாங்க. போகும்போது தனியா போகல. ஊரா போனாங்க.

மறுநாள் பஸ் பிடிச்சு வாச்சாத்தி போனோம். யார்கிட்டயும் பேட்டி எடுக்கல. அவங்க சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிச்சிட்டாங்க, எனக்காக இன்னொரு தடவை சொல்லணுமா? ஆலமரத்தைப் பார்த்தோம். அம்மா அதைக் கையால தொட்டுட்டு நின்னாங்க. இயற்கை மனசுக்கு மருந்துன்னு நாம ஈஸியா சொல்லிடறோம். அந்த மரத்தடிதான் அந்த மக்களுக்கு மறக்க முடியாத இடமும். மரம் மட்டும் யாரையும் குணப்படுத்திடாதுன்னு அங்க நிக்கும்போது தெரிஞ்சுது.

அரூர் தாலுகாவுலயே இன்னொரு இடமும் உண்டு. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்லிங்கி பள்ளத்தாக்கு. காந்திகிராமத்துல வேலை பார்த்த டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி 1993-ல், அதாவது வாச்சாத்தி நடந்த அடுத்த வருஷம், அங்க போய்க் குடியேறினாங்க. முதல் ஆஸ்பத்திரி ஒரு கூரைக் கொட்டகை. அந்தச் சமயம் அங்க பிறக்கிற 1,000 குழந்தைகள்ல 147 குழந்தைங்க ஒரு வயசு தாண்டல. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவங்களை வெச்சே அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு குறைச்சாங்க. அப்புறம் ரசாயன உரம் இல்லாத விவசாயத்துக்குன்னு ஒரு விவசாயிகள் சங்கம். லம்பாடிப் பெண்கள் மறந்துக்கிட்டிருந்த எம்ப்ராய்டரிக்கு 'போர்கை'ன்னு ஒரு அமைப்பு. லம்பாடி மொழியில அதுக்குப் பெருமைன்னு அர்த்தமாம். உடம்பு, மண்ணு, கைவேலை, மூணையும் சேர்த்துதான் அங்க ஆரோக்கியம்னு பார்க்குறாங்க.

திரும்பி வரும்போது மொரப்பூர் ஸ்டேஷன்ல காபி வாங்கினோம். சூடு. அம்மா இன்னொரு கப் வாங்கி, ரெண்டுக்கும் மாத்தி மாத்தி ஆத்திக் கொடுத்தாங்க. காபி ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும்னு நம்ம மொழியில எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான். நான் ரெண்டு வருஷமா என் கோபத்தை ஒரே கப்புல மூடி வெச்சு, ஏன் ஆறலன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஆத்துறதுக்கு ரெண்டு பாத்திரம் வேணும். அன்னைக்கு ரயில்ல முதல் தடவையா அம்மாகிட்ட அந்த இன்ஸ்டாகிராம் விஷயத்தைச் சொன்னேன். "நானும் அவன் போட்டோவை எடுத்து வெச்சிருக்கேன்டி"ன்னாங்க. பேப்பர்ல வந்ததை வெட்டி, பீரோல வெச்சிருந்தாங்களாம். ரெண்டு பேரும் ஒரே வீட்ல, தனித்தனியா.

அதுக்கப்புறம் கோர்ட் சம்மன் வந்துச்சு. புகார் கொடுத்தது நான். சாட்சி சொல்லணும். அம்மா வந்தாங்க, அப்பாவோட வாக்கிங் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் வந்தாங்க. கூண்டுல ஏறி, அன்னைக்கு என்ன நடந்துச்சு, யார் போன் பண்ணாங்க, ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு வரிசையா சொன்னேன். கூட்டலை, குறைக்கல. அந்தப் பையன் ஓரமா நின்னிருந்தான். போட்டோல பார்த்ததை விட ஒல்லியா இருந்தான். அவன் கை நடுங்கிச்சு. நான் மனசுல ஓட்டின எந்தப் படத்துலயும் அவன் கை நடுங்கினதில்ல.

மன்னிச்சுட்டியான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியல. அவனுக்குச் சட்டப்படி என்ன தண்டனையோ அது கிடைக்கணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கேஸ் இன்னும் நடக்குது, அடுத்த வாய்தா வரும், போவோம். ஆனா அந்த ப்ரொஃபைலை அன்னைக்கு ராத்திரி திறக்கல. தூங்கிட்டேன்.

நீங்களும் ஏதோ ஒரு பேரை ராத்திரி ராத்திரி தேடிக்கிட்டு இருந்தா, முடிஞ்சா ஒரு மலைக்குப் போயிட்டு வாங்க. ஆனா தனியா போகாதீங்க. முட்டி வலிக்கிற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. பத்து படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் வழக்கம்போல கெஸ்ட்டோட வர்றேன். பத்திரமா இருங்க. வண்டியை மெதுவா ஓட்டுங்க.