தசையை ஆளும் ஆர்.என்.ஏ.

நெதர்லாந்தின் டெக்சல் தீவைத் தாயகமாகக் கொண்ட டெக்சல் செம்மறியாடுகள், தசை மிகுந்த உடலுக்குப் பெயர் பெற்றவை. எலும்புத் தசை அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் மயோஸ்டாட்டின் என்னும் புரதம் 1997-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. அப்புரதத்தின் கட்டமைப்பில் குறையேதும் இல்லாத இந்த ஆடுகளில் தசை ஏன் பெருக்கிறது என்பதற்கு 2006-இல் விடை கிடைத்தது.

மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்கு எடுத்துச் செல்வது தூது ஆர்.என்.ஏ. ஆகும். இந்த ஆடுகளில் மயோஸ்டாட்டினுக்குரிய தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில், அதாவது புரதமாக மாறாத பகுதியில், குவானின் என்னும் வேதி எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடினின் என்னும் எழுத்து அமைந்திருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தால், தசையில் மிகுதியாக உள்ள மிர்-1, மிர்-206 என்னும் நுண் ஆர்.என்.ஏ.க்கள், ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ளவையாயினும், அங்கே ஒட்டிக்கொண்டு மயோஸ்டாட்டின் உற்பத்தியைக் குறைக்கின்றன. தடை தளர்வதால் தசை வளர்கிறது.

ஆர்.என்.ஏ. வழியான ஒழுங்குமுறை குலைந்தால் நோயும் பிறக்கிறது. மயோட்டோனிக் தசைநலிவின் முதல் வகையில், ஒரு தூது ஆர்.என்.ஏ.வில் சி-யு-ஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, பிற ஆர்.என்.ஏ.க்களைச் சரியாக வெட்டி இணைக்க உதவும் புரதங்களைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. அதனால் தசைச் செல்களின் குளோரைடு வாயில்கள் முறையாக உருவாகாமல், இறுக மூடிய கையை உடனே விரிக்க இயலாத நிலை நோயாளிக்கு ஏற்படுகிறது.

புரதத்தில் பழுதே இல்லாதபோதும் அதன் அளவையும் வடிவத்தையும் ஆர்.என்.ஏ. மாற்றக்கூடும் என்பதை உணர்ந்ததால்தான், நோயின் வேரான ஆர்.என்.ஏ.வையே இலக்காகக் கொள்ளும் மருந்துகளை ஆய்வாளர்கள் இன்று ஊக்கத்துடன் உருவாக்கி வருகின்றனர்.