தீவுகளுக்குச் சென்று சேரும் திருத்தங்கள்

சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீ விஜயபுரம் அமைந்துள்ளது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கப்பட்ட நகரம் இதுவே. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் கடலடி வடம் செயல்படத் தொடங்கும்வரை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களை இணைக்கிறது. எனினும் வடம் எட்டாத தீவுகள் இன்னும் உள்ளன. மென்பொருளுக்கு எடை இல்லை. ஆனால் அதற்கும் போக்குவரத்துச் செலவு உண்டு என்பதைத் தீவு அலுவலர்கள் நன்கு அறிவர்.

திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டு அறிவித்தது. உரிமக் கட்டணம் இல்லை என்பதே பலர் கண்ணில் முதலில் படும் நன்மை. ‘இலவசம்’ என்ற சொல் அலுவலகக் கோப்புகளில் சற்று எளிதாகவே ஒப்புதல் பெற்றுவிடுகிறது. ஆனால் பொருளியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழுது நீக்கும் செலவை ஏற்பவர் யார்?

‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர் பெற்ற பிழை இதற்குத் தக்க சான்று. இணையத் தகவல்களை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டபோது அப்பிழையும் உடன் நுழைந்தது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பின் வழியே உலகெங்கும் பரவி, 2014 ஏப்ரல் 7ஆம் நாள்தான் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பெரும் நிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய அப்பொதுச் சொத்துக்கு அதுவரை கிடைத்துவந்த நன்கொடை ஆண்டொன்றுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே. எல்லோரும் பயன்பெறும் பொருளுக்குப் பணம் தர எவரும் முன்வராத நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இதில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வசதி இல்லாத பழைய பதிப்புகளைப் பிழை தீண்டவில்லை. புதுமையும் பிழையும் ஒரே கப்பலில் வந்திறங்குவது வழக்கம். எனவே திருத்தத்தைப் புதுமையிலிருந்து பிரித்து அனுப்புவதே வெளியீட்டு நிர்வாகத்தின் முதற்பணி. டெபியன் திட்டத்தினர் இப்பணியைச் செவ்வனே செய்கின்றனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களது நிலையான பதிப்பு வெளிவருகிறது. வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே புதிய வசதிகளுக்குக் கதவடைத்து, பிழை நீக்கத்துக்கு மட்டும் இடமளிக்கின்றனர். ஹார்ட்பிளீட் வெளிப்பட்டபோது மூலத் திட்டம் 1.0.1-ஜி என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. டெபியனோ தன் பயனர்களிடம் ஏற்கெனவே இருந்த 1.0.1-ஈ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் பொருத்தி அனுப்பியது. மற்றப் பகுதிகள் மாறவில்லை. ஆதலால் அதைச் சார்ந்த பிற மென்பொருள்களை மீண்டும் சோதிக்கும் சுமையும் குறைந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனையே அடித்தளமாகக் கொண்டது.

தொடர்பே இல்லாத கணிப்பொறிக்கும் வழி உண்டு. ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்னும் கருவி, அக்கணிப்பொறிக்குத் தேவையானவற்றை ஒரு சிறு கோப்பில் பட்டியலிடுகிறது. அக்கோப்பைப் பென் டிரைவில் இட்டு, கப்பலில் ஸ்ரீ விஜயபுரம் கொண்டு சென்று, அங்கே திருத்தங்களை இறக்கி, மறு கப்பலில் கொண்டுவந்து நிறுவலாம். தொகுப்புகளின் மின்னணுக் கையொப்பம் சரிபார்க்கப்படுவதால் இடைவழியில் எவரும் மாற்றியிருந்தால் வெளிப்பட்டுவிடும். கருவி இலவசம், அதை மாதந்தோறும் இயக்கும் பொறுப்பை ஒரு பெயரிட்ட அலுவலரிடம் ஒப்படைக்கும் ஆணை மட்டும் அலுவலகத்திலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அவ்வாணையில் நாள் குறிப்பிடுவதும் இன்றியமையாதது. 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11ஆம் பதிப்புக்கு நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் இறுதிவரை என வரையறுக்கப்பட்டுள்ளது. புதிய பதிப்புக்கு மாறும் பணியைத் தீவு அலுவலகம் கப்பல் அட்டவணையையும் பருவமழையையும் கணக்கில் கொண்டு அதற்குச் சில மாதங்கள் முன்னரே தொடங்க வேண்டியிருக்கும்.