கோடையில் தீவனப் புழு வளர்ப்பு



பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைப்போம். காலையில் சேர்ந்திருக்கும் கரையான் கோழிக்குஞ்சுகளுக்கு நல்ல தீனி. அதுபோலவே காய்கறிக் கழிவைக் கொண்டு வளர்க்கக் கூடியது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. உலர்ந்த புழுவில் சுமார் 40 சதம் புரதம் உண்டு. இந்த ஈ கடிக்காது. வீட்டு ஈயைப்போல் உணவுப் பண்டங்களை மொய்ப்பதும் இல்லை.

இப்புழு வளர்ச்சிக்கு 27 முதல் 30 டிகிரி செண்டிகிரேட் வெப்பம் ஏற்றது. அந்நிலையில் முட்டை ஏறத்தாழ 4 நாளில் பொரியும். 2 அல்லது 3 வாரங்களில் புழு முற்றும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த வெப்பத்தில் வளர்ந்தவற்றுள் பெரும்பாலானவை ஈயாக மாறின. 36 டிகிரியிலோ புழுக்கள் வளர்ந்தன. ஆனால் ஈயாக வெளிவந்தவை மிக மிக அரிது. ஆகவே, தொட்டியில் புழு நெளிகிறதே என்று கோடையில் இருந்துவிடக் கூடாது. அடுத்த தலைமுறைக்கான விதை அழிந்து கொண்டிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெருக்கமாக மேயும் புழுக்கூட்டம் தானே சூட்டை உண்டாக்கும். இதனால் கழிவின் உட்புறம் வெளிக்காற்றைவிட வெப்பமாகிவிடும். மார்கழியில் இந்தச் சூடு துணை; சித்திரையில் பகை.

கோடையில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தொட்டியைக் கூரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கங்களில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

2. கழிவை 5 செ.மீ. கனத்திற்கு மேல் போட வேண்டாம். வெயில் தாழ்ந்தபின் சிறிது சிறிதாக இடுங்கள். பூச்சிமருந்து பட்ட கழிவு கூடாது.

3. கழிவைக் கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வடிய வேண்டும், ஒழுகக் கூடாது.

4. கருத்து முற்றிய புழு வெளியேறினால் அறுவடைக்குத் தயார் என்று பொருள். வெளுத்த இளம் புழுக்களே விளிம்பில் ஏறினால், சூடோ ஈரமோ மிகுந்துவிட்டது. உடனே கழிவைக் கிளறிப் பரப்புங்கள்.

5. முற்றிய புழுக்களில் ஒரு பகுதியை விதைக்கென ஒதுக்கி, உலர்ந்த தென்னை நார்க்கழிவு நிரப்பிய மண்பானையில், குளிர்ந்த நிழலில் வையுங்கள்.

புழுவில் கொழுப்பும் அதிகம். ஆகவே அதை மட்டுமே தீனியாகக் கொடுக்காமல், தானியத்துடன் அளவாகச் சேர்த்துக் கொடுங்கள்.

விதையைக் காத்தால் கோடை கடந்தும் தீவனம் கிடைக்கும். முதலில் ஒரு தொட்டியில் வளர்த்துப் பார்த்துப் பயனடைய வேண்டுகிறேன்.