தமிழ் இல்லாத இடத்தில் யார் பதிலி?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மும்பைப் பஞ்சாலைகளில் பாடுபட்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. பதிலி என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலையான ஆள் வராத நாளில், வாசலில் காத்திருப்போரில் ஒருவரை உள்ளே அனுப்புவார்கள். யாரை? அந்நாளில் ஜாபர் கைகாட்டிய ஆளை! அந்த ஆலைகள் போய்விட்டன. பதிலி போடும் வழக்கம் மட்டும் இன்று நம் கைப்பேசிக்குள் நடக்கிறது.

நம் சகோதரி ஒருவர், பெயர் வேண்டாம், கைப்பேசியில் தமிழை வைத்திருக்கிறார். மராத்தியும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது. கடன் தரும் செயலி ஒன்றைத் திறந்தார். தலைப்பு தமிழ். அடியில் 'தொடர்க' என்ற பொத்தானும் தமிழ். நடுவே நான்கு வரி ஆங்கிலம். படிக்க முடிந்ததை அழுத்தினார். மாதம் பிறந்ததும் காப்பீடு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நான்கு வரியில் இருந்தது அதுதான்.

இது எப்படி நேருகிறது? மென்பொருளில் வரும் வாக்கியங்களை மொழிக்கு ஒரு கோப்பாக வைத்திருப்பார்கள். திரையில் ஒரு வரி காட்ட வேண்டுமென்றால் தமிழ்க் கோப்பைக் கேட்கும். அங்கே அந்த வரி இல்லையென்றால் நின்றுவிடாது, பதிலியைக் கூப்பிடும். செயலியை எழுதியவர் முதலில் எந்த மொழியில் எழுதினாரோ, பெரும்பாலும் அதுவே பதிலி. அதாவது ஆங்கிலம். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு சேர்க்கும் வரிகளே தமிழில் விடுபடும். பிறகு சேர்ப்பது எது? புதுக் கட்டணம், புது நிபந்தனை! வணக்கமும் வருகவும் தமிழில் இருக்கும். பணம் பிடிக்கும் வரி இராது.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், ஒரு மொழிக்குப் பதிலாக மொழிப் பட்டியலே வைக்கலாம். முதலில் தமிழ், அடுத்து மராத்தி என்று வரிசைப்படுத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. செயலியில் தமிழ்க் கோப்பு கொஞ்சம் இருந்தாலே தமிழ் உண்டு என்று கணக்கு வைத்துவிடும். விடுபட்ட வரிக்கு நம் இரண்டாம் மொழியைக் கேட்காது. நேரே செயலியின் மூலமொழிக்கே போய்விடும். நம் சகோதரி மராத்தியை இரண்டாவதாக வைத்திருந்தும் பயன்படாமல் போனது இதனால்தான்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, தோழர்களே! லினக்ஸ் கணினிகளில் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள், ஒவ்வொரு வரிக்கும் பயனரின் பட்டியலை வரிசையாகக் கேட்டுப் பார்க்கிறது. தமிழில் இல்லையா, மராத்தி. அதிலும் இல்லையென்றால்தான் மூலமொழி.

பதிலியே கூடாது என்று விதித்த இடமும் உண்டு. யூனிகோடு அமைப்பின் மொழித் தரவுத் தொகுப்பில், மரபுச் சீன எழுத்தில் ஒன்று இல்லாவிட்டால் எளிமையாக்கிய சீன எழுத்துக்கு இறங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாகிஸ்தானில் அரபு வகை எழுத்தில் எழுதும் பஞ்சாபிக்கும் அப்படியே, குர்முகிக்கு இறங்காது. பெயர் ஒன்று என்பதற்காக, படிக்கத் தெரியாத எழுத்தைத் தலையில் கட்டவில்லை. இங்கோ, இந்தியாவில் இருப்பவன் இந்தி படிப்பான், இல்லாவிட்டால் ஆங்கிலம் படிப்பான் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நம்மைக் கேட்டார்களா?

மராத்தி இந்த மண்ணின் மொழி. இங்கே அது முதலில் நிற்பதில் நமக்கு வருத்தமில்லை. நம் வீட்டுக்குள்ளேயே பதிலி ஒன்றாக இல்லை. தாய்க்கு மராத்தி, தந்தைக்கு இந்தி, மகளுக்கு ஆங்கிலம். ஆகவே வரிசையை அவரவர் வைக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் அந்த வரிசை செல்லட்டும். பணம் பிடிக்கும் வரி அந்தப் பட்டியலில் உள்ள எந்த மொழியிலும் இல்லையென்றால், 'தொடர்க' என்ற பொத்தான் திறக்கவே கூடாது. இதை எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறோம். கையொப்பத் தாள் வாசலில் இருக்கிறது.

வரும் ஞாயிறு மாலை கைப்பேசியோடு சங்கத்துக்கு வாருங்கள். மொழிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகள் காட்டுவார்கள். நடுவில் ஆங்கிலம் வந்த திரை ஏதாவது இருந்தால் அழிக்காமல் படம் பிடித்துக் கொண்டு வாருங்கள். மனுவோடு சேர்க்க வேண்டும்.